கட்டைவிரலும் கண்ணும்

வில்லியர் என்று ஒரு சனம். செங்கல்பட்டு, தாம்பரம் வட்டாரத்து இருளர்களுக்கு அதுதான் இன்னொரு பெயர். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளிலும் அந்தப் பெயர் இருக்கிறது. வில்லாளிகள் என்று பொருளும் எழுதி, இவர்கள் நெல் குத்திப் பிழைப்பதையும் எழுதி வைத்திருக்கிறார் துரை. பெயரில் வில், கையில் உலக்கை. மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் கருவி வைத்து அளந்து கணக்கெழுதியவர் அவர். கைவிட்டுப் போன வில்லுக்குக் கணக்கெழுதுவது நம்ம வேலையாகத்தான் மிச்சமிருக்கிறது.

நான் இருளன் இல்லை. சேலையூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்த பறையன். எங்கள் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கோடு என்றால், எங்கள் சேரிக்கும் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த வில்லியருக்கும் நடுவிலும் ஒரு கோடு இருந்தது. சாதி அப்படித்தான் வேலை செய்யும், படிப்படியாக. அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்ததற்குப் பிறகு கேட்டதும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. வில் எங்கே போச்சு என்பது ஒரு கேள்வி. அதைவிட என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறே: குறி தவறாமல் எய்வது ஒரு கைக்கு எப்படி வருகிறது? யார் கைக்கு அது வரலாம் என்று யார் தீர்மானித்தார்கள்?

வில்லுக்கு வரலாறு எழுதுவதில் முதல் சங்கடம், அது மக்கிப் போகிற பொருள் என்பது. மூங்கில், நார், இறகு. எல்லாம் கரையானுக்குத்தான். 1863 மே 30ஆம் தேதி இராபர்ட் புரூஸ் பூட் என்கிற நிலவியல் துரை பல்லாவரத்துச் சரளை மண்ணிலிருந்து ஒரு கல்லாயுதத்தை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. கல் நிலைக்கும், அதனால் கல்லுக்கு வரலாறு உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் இரும்பு அம்பு முனைகள் கிடைத்தன. முனை கிடைத்தது, அம்பு கிடைக்கவில்லை. அம்பு கிடைக்காதபோது அதை நிமிர்த்திச் சரிபார்த்த கை எங்கே கிடைக்கும்? தொல்லியலுக்கு அகப்படாத அந்தக் கையை நாம் பாட்டிலும் புராணத்திலும் தேட வேண்டியிருக்கிறது. அங்கே போனால் இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது.

புறநானூற்றில் வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய 152ஆம் பாட்டைத் தமிழ் வகுப்புகளில் பெருமையாகச் சொல்வார்கள். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்துப் போயிற்றாம். கொல்லிமலையில் இன்றைக்கும் ஆடி மாதம் அவன் பெயரில் அரசு விழா நடக்கிறது. எனக்கு அந்தப் பாட்டில் உறுத்துகிற இடம் அஞ்சு விலங்கு இல்லை. காட்டில் எய்தவனைப் பார்த்த புலவருக்குச் சந்தேகம் வருகிறது: இவன் கறி விற்கிற வேட்டுவனைப் போலத் தெரியவில்லையே, மார்பில் ஆரமும் செல்வக் களையும் தெரிகிறதே, ஓரியோ வேறு யாரோ என்று. திறமையைப் பார்த்ததும் கண் ஆரத்தைத் தேடுகிறது. நன்றாக எய்தவன் வேடனாகவே இருந்திருந்தால் அந்தப் பாட்டு பிறந்திருக்குமா? சேரர் கொடியில் வில் இருந்தது. பாலை நிலத்து எயினர் கையிலும் அதே வில்தான் இருந்தது. அகப்பாடல்கள் அவர்களை வழிப்போக்கரை மறிக்கிற ஆறலைகள்வராகவே அதிகம் காட்டுகின்றன. கொடியில் இருந்தால் வீரம், குடிசையில் இருந்தால் களவு.

கம்பனிடமும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. இராமன் பிள்ளைப் பிராயத்தில் உண்டைவில்லால் கூனியின் முதுகில் மண்ணுருண்டை அடித்ததை மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் அவளே நினைத்துக்கொள்கிறாள். உண்டைவில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அம்புக்குப் பதில் களிமண் உருண்டை, நாணின் நடுவில் உருண்டையை வைக்க ஒரு சின்னப் பை. விடுகிற கணத்தில் வில் பிடித்த மணிக்கட்டைக் கொஞ்சம் ஒதுக்கித் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உருண்டை நம் கட்டைவிரலையே பதம் பார்த்துவிடும். சுலபமான வித்தை இல்லை. இளவரசன் அதைப் பழகுவதற்குக் கிடைத்த குறி ஒரு வேலைக்காரியின் கூன். உரைகாரர்கள் இதைப் பிள்ளை விளையாட்டு என்று கடந்து போவார்கள். அடிபட்ட முதுகுப் பக்கமிருந்து படித்தால் இராமாயணமே அந்த உருண்டையில் ஆரம்பிக்கிறது.

சரி, யார் கற்கலாம்? வசிட்டர் பேரில் வழங்குகிற தனுர்வேத சங்கிதை ஆயுதங்களைக்கூட வருணப்படி பங்கு பிரிக்கிறது. பார்ப்பனருக்கு வில், சத்திரியருக்கு வாள், வைசியருக்கு ஈட்டி, சூத்திரருக்குக் கதாயுதம். பஞ்சமருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தூரத்தில் நின்று எதிரியைத் தொடாமலே கொல்கிற ஆயுதம் மேலே. உடம்போடு உடம்பு உரசிக் கிட்டே போய் அடிக்கிற தடி கீழே. தொடாமை ஆயுதத்துக்குள்ளேயும் புகுந்திருக்கிறது. (வில் உண்மையில் பிறந்தது வேட்டைக்காரர் கையில். பூணூல் போட்ட பிறகு அதற்கு வேதம் என்று பெயர்.)

ஏகலைவன் கதையை நம் மேடைகளில் ஆயிரம் தடவை சொல்லியாச்சு. சொல்லாமல் விட்ட ரெண்டு விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அவன் வெறும் பக்தியால் வில்லாளி ஆகவில்லை. நிசாதர் தலைவன் மகன் அவன், அப்பன் பெயரே இரணியதனுசு, பொன்வில் என்று அர்த்தம். வில் புழங்குகிற வீட்டுப் பிள்ளை. களிமண் துரோணர் அவனுக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. சொல்லிக் கொடுத்தது காடும், அவன் வைத்துக்கொண்ட ஒழுங்கும், எண்ணிக்கை தெரியாத அம்புகளும். கற்றுத் தராதவன் கூலி கேட்டான், அதுதான் கதை.

ரெண்டாவது, கட்டைவிரல் போன பிறகு அவன் எய்வதை நிறுத்தவில்லை. மிச்ச விரல்களால் எய்தான், முன்னைப் போல வேகமில்லை என்றுதான் ஆதிபருவம் சொல்கிறது. குறி தவறியதாகச் சொல்லவில்லை. இது ஏன் முக்கியமென்றால், நாணை இழுக்க உலகத்தில் பெரும்பாலும் மூணு வழிதான். அம்பின் அடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி இழுப்பது ஒன்று. கட்டைவிரலை நாணில் கொக்கி போட்டு இழுப்பது இன்னொன்று, மங்கோலியரும் துருக்கியரும் அப்படித்தான், விரலுக்கு எலும்பிலும் கல்லிலும் வளையம் போட்டுக்கொள்வார்கள். மூணாவது, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றால் நாணைப் பிடிப்பது. அதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, உள்ளங்கைப் பக்கம் மடிந்து கிடக்கும். ஒலிம்பிக் வில்லாளிகள் எல்லோரும் இன்றைக்கு எய்வது இந்த மூணாவது முறையில்தான். அதாவது, துரோணன் அறுத்த பிறகு ஏகலைவன் எப்படி எய்தானோ அப்படி. மேற்கிந்தியாவின் பீல் பழங்குடி வில்லாளிகள் பலர் கட்டைவிரல் படாமல் எய்வதும், அதை ஏகலைவனின் நினைவாக என்று சொல்வதும் பலரும் எழுதிய செய்தி.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். தொண்டை மண்டலத்து வேளாளர், சோழனின் அமைச்சர், ஆனால் வேடர் வாழ்வை எழுதும்போது அவர் கை தாராளமாகவே ஓடுகிறது. உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் தன் மகன் திண்ணனுக்கு வில் பயிற்சி ஆரம்பிக்கிறதை ஊர் கூடி வில்விழாவாகக் கொண்டாடுவது அதில் விரிவாக வருகிறது. ஒரு சனம் தன் வித்தையைத் தன் பிள்ளைக்குத் தானே கொடுக்கிறது. துரோணர் தேவையில்லை, சிலை செய்ய வேண்டியதுமில்லை. நமக்குக் கிடைத்திருக்கிற பழம்பிரதிகளில் அபூர்வமான இடம் இது. ஆனால் திண்ணன் கண்ணப்பனாகி நாயன்மார் வரிசையில் நிற்பது அந்த வில்லுக்காக இல்லை. அம்பால் தன் கண்ணைத் தானே தோண்டிக் கொடுத்ததற்காக.

வில்லாளியின் மூலதனம் ரெண்டே ரெண்டு. இழுக்கிற விரல், பார்க்கிற கண். பாரதம் விரலை வாங்கிக்கொண்டது. புராணம் கண்ணை வாங்கிக்கொண்டது. ரெண்டு வேடர்களுக்கும் புகழ் உண்டு, ரெண்டு பேருக்கும் எய்ததற்காக இல்லை, எய்ய முடியாதபடி ஆனதற்காக. தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

வித்தை என்னதான் என்று இப்போது பார்க்கலாம். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையை ஒட்டி ஒரு குடியிருப்பில் நாங்கள் சில பேர் மாலைப் பள்ளி நடத்துகிறோம். அங்கே இருந்த பெரியவர் ஒருத்தர் சின்ன வயசில் அப்பனோடு கௌதாரிக்கும் முயலுக்கும் வில்லெடுத்துப் போனவர். பிள்ளைகள் நச்சரித்ததில் ஒருநாள் மூங்கிலைப் பிளந்து உட்கார்ந்தார். நான் வில்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். “வில்ல அப்பால வை நைனா. மொதல்ல அம்பப் பாரு”ன்னார்.

அதுதான் முதல் பாடம். குறி தவறுவதற்கு வில்லைக் குறை சொல்வது தெரியாதவன் பேச்சு. ஒரே வில்லில் பத்து அம்பு விட்டால் பத்தும் ஒரே மாதிரி போகணும். போகணுமென்றால் பத்தும் ஒரே கனம், ஒரே நீளம், ஒரே விறைப்பு. தணலில் குச்சியை வாட்டி, சூட்டோடு கோணலை எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து, ஆறுகிற வரைக்கும் விடாமல், கண்ணுக்கு நேராகத் தூக்கி அடிமுதல் நுனிவரை பார்த்து, திரும்பவும் தணல். ஒரு அம்புக்கு அரை மணி நேரம். குச்சியின் ரெண்டு முனையையும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தே, “இது சேராது” என்று மூணைத் தூக்கி எறிந்தார். எறிந்ததில் எனக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. விறைப்பு சேரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

விஞ்ஞானம் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தது. நாண் பின்னாலிருந்து தள்ளுகிற வேகத்தில் அம்பு நேராகக் கிளம்புவதில்லை, மீன் மாதிரி நெளிகிறது. வில்லின் மரத்தை நெளிந்து சுற்றிக்கொண்டு போய்த்தான் பிறகு நேராகிறது. 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்கிற இயற்பியல்காரர் அதிவேகப் படமெடுத்து இதைக் காட்டினார். வலது கையால் மூணு விரல் வைத்து இழுப்பவனுக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் உட்காரும். அம்பு அளவுக்கு மிஞ்சி விறைப்பானால் குறிக்கு இடப்பக்கம் போகும், அளவுக்கு மிஞ்சித் துவண்டால் வலப்பக்கம். பெரியவருக்கு ஹிக்மனைத் தெரியாது. விரலுக்குத் தெரிந்திருந்தது.

இறகிலும் ஒரு சட்டம். ஒரு அம்புக்கு மூணு இறகு, மூணும் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வரணும். இடது இறக்கை இறகும் வலது இறக்கை இறகும் எதிரெதிராக வளைந்தவை, கலந்து கட்டினால் அம்பு சுழலாமல் தடுமாறும். பிள்ளைகள் கோழி இறகைப் பொறுக்கி வந்து இடது ஒரு டப்பா, வலது ஒரு டப்பா என்று பிரித்து வைத்தது நல்ல கணக்குப் பாடமாகவே ஆச்சு. நாணுக்கு முன்னெல்லாம் மரல் நார். புதர்க்காட்டில் வாள் மாதிரி நிமிர்ந்து நிற்குமே அந்தச் செடி. (மனு சத்திரியனின் அரைஞாணுக்கு ஒதுக்கிய மூர்வை நாரும் இதன் இனம்தான்.) இப்போது நாங்கள் கட்டுவது மீன்பிடி நைலான்.

உடம்புக்கு வருவோம். வில்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும். இறுக்கினால் விடுகிற நேரத்தில் முன்கை முறுக்கிக்கொண்டு அம்பைத் தட்டிவிடும். இழுத்த கை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கு வரணும். வாயோரத்தில் ஆள்காட்டி விரல் தொட்டால் எப்பவும் வாயோரம்தான், ஒருநாள் வாயோரம் ஒருநாள் தாடை என்றால் அது ரெண்டு வில். இழுப்பது கையால் இல்லை, முதுகால். ரெண்டு தோள்பட்டை எலும்பும் பின்னால் கிட்டக்கிட்ட வரணும். கிணற்றில் தண்ணி சேந்திய பெண்பிள்ளைகளுக்கு இது ஒரே நாளில் வந்துவிட்டது, பையன்களுக்கு ஒரு வாரம் ஆச்சு.

விடுவது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். “நீ வுடாத, அதுவா போவட்டும்” என்பார். விரலைத் திறக்க நினைத்தால் விரல் குதிக்கும், நாண் பக்கவாட்டில் உரசும். இழுப்பு முழுசாக இருக்கும்போது விரல் தளர்ந்தால் போதும். விட்ட பிறகும் அம்பு போய்க் குத்துகிற வரைக்கும் வில் பிடித்த கை அசையக் கூடாது.

கணக்காகவும் பார்க்கலாம். சாதாரண மூங்கில் வில்லிலிருந்து அம்பு வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் போகிறதென்று வைத்துக்கொள்வோம். அறுபதடி, அதாவது 18 மீட்டர் தூரம் போக 0.4 வினாடி. அதற்குள் அம்பு ஏறத்தாழ 78 சென்டிமீட்டர், ரெண்டரை அடி, கீழே இறங்கும். அதே தூரத்தில் கை ஒரே ஒரு பாகை விலகினால் ஒரு அடி தள்ளிப் போகும். இதையெல்லாம் மனசில் கணக்குப் போட்டு யாரும் எய்வதில்லை. ஆயிரம் அம்பு விட்ட கண்ணும் முதுகும் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆயிரம் அம்பு விட ஒரு இடம் வேண்டும், பொழுது வேண்டும், வயிறு நிறைந்திருக்க வேண்டும். குறி என்பது பிறவி வரம், இரத்தத்தில் ஊறியது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இருளப் பிள்ளைகளைப் பார்த்து “இதுங்களுக்கு அது தானா வரும்” என்று பாராட்டுகிற முற்போக்காளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாராட்டின் வேஷத்தில் வருகிற வருணக் கொள்கை அது.

துரோணன் வைத்த பரீட்சை எல்லோருக்கும் தெரியும். மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்றான் அர்ச்சுனன். குருகுலத்தின் பெரிய இரகசியம் மாதிரி இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். “கொக்கப் பாக்காத. அது மேல ஒரு எறகு தூக்கினு நிக்கும், அதப் பாரு” என்று பெரியவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேட்டைக்காரனுக்கு அரிச்சுவடி அது. கனடாவில் ஜோன் விக்கர்ஸ் என்கிற ஆய்வாளர் விளையாட்டு வீரர்களின் கண்ணசைவை அளந்து, கைதேர்ந்தவர்கள் செயலுக்கு முந்திய கணத்தில் ஒரே புள்ளியில் பார்வையை அதிக நேரம் நிறுத்துகிறார்கள் என்று காட்டி, அதற்கு அமைதியான கண் என்று பெயர் வைத்தார். அலைகிற கண்ணுக்குக் குறி கிடையாது. தலையில் ஊர் உட்கார்ந்திருக்கிற கண் அலையாமல் என்ன செய்யும்?

எங்கள் பள்ளியில் ஒரு பெண்பிள்ளை. பன்னிரண்டு வயசு. யாரும் இல்லாதபோது வைக்கோல் மூட்டையில் ஒரு சாண் வட்டத்துக்குள் அம்பைக் கொண்டு போய் வைப்பாள். சாலையில் ஒரு வண்டி வேகம் குறைந்தால் போதும், முழுசாக இழுப்பதற்குள் விட்டுவிடுவாள். வில்லாளிகளிடம் உலகமெங்கும் இருக்கிற வியாதிதான் இது, குறியைக் கண்டதும் பதறி விரல் விட்டுவிடுவது. இவளிடம் பதறவைத்தது குறி இல்லை, பார்க்கிறவன். மருந்து ஒன்றே ஒன்று. மூட்டைக்கு முன்னால் மூணே எட்டில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, குறியே இல்லாமல் இழுப்பதையும் விடுவதையும் மட்டும் பழகுவது. ஒரு மாசம் அப்படிச் செய்தாள்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டோம். “வில்லும் அம்புமா? இவங்க கையிலயா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்றார்கள். அதே மைதானத்தில் காக்கி டவுசர் போட்டவர்கள் விடிகாலையில் கம்பு சுத்துவது உண்டு, அதில் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது போலிருக்கிறது.

இந்தப் பயத்துக்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. 1878ஆம் வருச ஆயுதச் சட்டம் ஆயுதம் என்றால் என்னவென்று பட்டியல் போடும்போது துப்பாக்கி, வாள், ஈட்டியோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்து, காப்புக்காடு என்று கோடு கிழித்து, அதற்குள் வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. வெள்ளைக்காரன் போனான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதம் என்பதற்கு விளக்கம் தருகிற பிரிவில் மறுபடியும் வில்லையும் அம்பையும் எழுதியது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தபோது நாமெல்லாம் கொண்டாடினோம், நியாயமான கொண்டாட்டம்தான். அதிலும் மரபான உரிமைகளை ஏற்கும் இடத்தில் வேட்டைக்கும் பொறி வைப்பதற்கும் மட்டும் விலக்கு.

விலங்குகளைச் சுட்டுத் தீர்த்தது யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. காப்புக்காட்டில் கணக்கெழுதிச் சுட்டவை துரைமார், ஜமீன்தார் துப்பாக்கிகள். நான் வேட்டையை மீட்டெடு என்று சொல்லவில்லை, மிச்சமிருக்கிற நன்மங்கலம் காட்டில் ஒரு முயல்கூடச் சாகவேண்டாம். ஆனால் கௌதாரிக்கு அம்பு விட்டவனும் புலிக்குத் தோட்டா விட்டவனும் ஒரே பிரிவில் வந்ததையும், ஒருத்தன் அதனால் கூலிக்காரன் ஆனதையும், இன்னொருத்தன் வீட்டுச் சுவரில் புலித்தலை தொங்குவதையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தக் காடும் போச்சு. 1937இல் கிறித்துவக் கல்லூரி சென்னையிலிருந்து கிளம்பி வந்து உட்கார்ந்தது சேலையூர்க் காட்டு நிலத்தில். 1985இல் உயிரியல் பூங்கா வண்டலூருக்கு வந்தது. இன்றைக்குத் தாம்பரம் மாநகராட்சி, கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம்.

வில் போன பிறகு வில்லியரின் கண் எங்கே போச்சு? பாம்புக்குப் போச்சு. தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, அந்தப் பிழைப்பும் போனது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்கிற தொழிலாக அது மாறியது. மண்ணில் ஒரு கோடு, உதிர்ந்த ஒரு செதில், அதை வைத்துப் பாம்பு இருக்கிற வளையைச் சொல்கிற கண் அது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற ரெண்டு பேரை அமெரிக்காவின் புளோரிடா மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிட்டது. 2023இல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. நல்ல செய்தி. செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளில் இருளக் குடும்பங்கள் கொத்தடிமையாக மீட்கப்பட்ட செய்திகளும் 2000க்குப் பிறகான இதே காலத்துச் செய்திகள்தான். தர்ஸ்டன் எழுதிய உலக்கை இயந்திரமாகியிருக்கிறது, அவ்வளவே.

விளையாட்டாகவாவது வில் திரும்பி வருமா? வந்த ஒரு கதை இருக்கிறது. இராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கத்து அஹாரிப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம், மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்தவர். 1987இல் விளையாட்டு ஆணையத்தின் தேர்வில் கண்டெடுக்கப்பட்டு, அடுத்த வருசமே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். 1992இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் முப்பது மீட்டரில் 360க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். ஒரு வருசத்துக்கு முன்னால் 1991இல் அவருக்கு அரசு கொடுத்த விருதின் பெயர் என்ன தெரியுமா? அர்ச்சுனா விருது. இந்த நாட்டில் 1961 முதல் நல்ல வீரனுக்கு அர்ச்சுனன் பெயரிலும், 1985 முதல் நல்ல பயிற்சியாளனுக்குத் துரோணன் பெயரிலும்தான் விருது. விரலைக் கேட்டவன் பெயரில் ஆசிரியருக்குப் பரிசு. வேடன் பிள்ளை அதைக் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏகலைவன் பெயரில் மாநில அளவில் விருதுகள் உண்டு. தில்லிக்கு அந்தப் பெயர் இன்னும் எட்டவில்லை.

மூங்கில் வில்லிலிருந்து ஒலிம்பிக் வில்லுக்குத் தூரம் கொஞ்சமில்லை. குறிகாட்டி, அதிர்வு தாங்கிக் கம்பிகள், கார்பன் அம்புகள் எல்லாம் சேர்ந்து லட்சங்களில் வரும். எங்கள் பள்ளியில் இருப்பது அஞ்சு வில், பன்னிரண்டு அம்பு. பன்னிரண்டும் பெரியவர் தேறியது என்று ஒதுக்கியவை. அவர் போய்ச் சேர்ந்து மூணு வருசமாகிறது. அவர் தணல் போட்ட இடத்திலேயே இப்போது அந்தப் பெண்பிள்ளை தணல் போடுகிறாள், சின்னவன் ஒருத்தனுக்குக் குச்சி நிமிர்த்தக் காட்டிக்கொடுக்கிறாள். அவன் அவசரப்பட்டுச் சூடு ஆறுமுன்னே கையை எடுத்துவிடுகிறான். ஐப்பசி மழைக்கு முந்தி இன்னும் எட்டு அம்பு தேற்ற வேண்டும். இடது இறக்கை டப்பாவில் இறகு குறைவாக இருக்கிறது. மைதானத்துக்கு இன்னொரு மனு எழுதியிருக்கிறோம். அதுவரைக்கும் அவள் நிற்பது ஏரிக்கரையில், மூட்டையிலிருந்து முப்பதடியில். சாலைப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டாம், பக்கவாட்டாகவே நில் என்று சொல்லியிருக்கிறேன். வண்டிகள் வேகம் குறைக்கத்தான் செய்கின்றன. அவள் வாயோரத்தில் விரலைத் தொட்டு, நிறுத்தி, அப்புறம்தான் விடுகிறாள்.